பழைய மினி டிராக்டரை மறுபடி ஓட வைப்பது: கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்தாருக்கு ஒரு வழிகாட்டி

தென்னந்தோப்புக்கென்று ஒரு பழைய மினி டிராக்டர் வாங்கப் போகிறவர்களுக்கும், கொட்டகையில் வருஷக்கணக்கில் நிற்கும் வண்டியை எழுப்பப் பார்ப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நம் பக்கத்தில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நிலம் கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில், இரும்பு கடையும் லேத் பட்டறை கோயம்புத்தூரில், நல்ல மெக்கானிக் பொள்ளாச்சியில், வண்டியின் ஆர்சி, அதாவது பதிவுச் சான்று, இரண்டில் ஏதோ ஒரு மாநிலத்தில். யாரிடம் எதை முதலில் கேட்பது என்று சொல்ல ஆள் இருக்காது. இந்த வேலையில் பணத்தைத் தின்பது பெரும்பாலும் வரிசை தப்புவதுதான். காகிதம் பார்க்காமல் எஞ்சினைப் பிரிப்பார்கள், பிஸ்டன் கையில் வரும் முன் சிலிண்டரைக் கடைந்து போரிங் போட்டுவிடுவார்கள், அளவெடுக்காமல் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். அதனால் வரிசையாகவே சொல்கிறேன்.

நான் எழுப்பியது மூன்று சிலிண்டர், 18.5 குதிரைத்திறன் மித்சுபிஷி சக்தி வண்டி. கேம்கோ பவர் டில்லர் வைத்திருப்பவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும், ஆர்சி பற்றிய பகுதியைத் தவிர.

1. ஸ்பானரைத் தொடும் முன் காகிதம்

"வயலுக்குள்ள ஓட்டறதுக்கு ஆர்சி எதுக்குங்க?" என்று தரகர் சொல்வார். கேட்காதீர்கள். ஒரு தோப்பிலிருந்து இன்னொரு தோப்புக்குப் போக ரோட்டைத் தாண்டத்தான் வேண்டும். அங்கே யார் மேலாவது இடித்தால், இன்சூரன்ஸ் இல்லாத வண்டிக்கு நீங்கள்தான் கைக்காசைக் கொடுக்க வேண்டும். ஆர்சி சரியில்லாமல் இன்சூரன்ஸ் போட முடியாது. இது இப்படி ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டே போகும்.

வண்டி நம்பரை மத்திய அரசின் பரிவாஹன் ஆப்பில் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயரின் சில எழுத்துகள், பதிவான ஆண்டு, பதிவு எதுவரை செல்லும், கடன் இருக்கிறதா, இன்சூரன்ஸ் உண்டா என்பதெல்லாம் தெரியும். விவசாய டிராக்டர் சட்டப்படி போக்குவரத்து அல்லாத வண்டி. முதல் பதிவு 15 வருஷம், அதற்குப் பிறகு 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டிகளில் பாதி இந்த 15 வருஷத்தைத் தாண்டி, புதுப்பிக்காமல் கிடப்பவை. புதுப்பிக்க வண்டியை நேரில் காட்ட வேண்டும், அதாவது வண்டி ஓட வேண்டும். ஆகவே விலை பேசும்போதே அந்தச் செலவையும் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டியவை:

அசல் ஆர்சி. தொலைந்துவிட்டது என்றால், நகல் ஆர்சிக்கு ஃபார்ம் 26-ல் அவரே விண்ணப்பித்து வாங்கித் தரட்டும். அதுவரை முழுப் பணமும் கொடுக்காதீர்கள்.

உரிமை மாற்றத்துக்கு ஃபார்ம் 29, ஃபார்ம் 30. இவற்றில் தேதி, வாங்குபவர் பெயர் எல்லாம் எழுதியபின் கையெழுத்து வாங்குங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கைமாறிக் கைமாறி வந்த வண்டிகள் நம் பக்கத்தில் ஏராளம். படிவத்தில் இருக்கும் ஆள் யார் என்றே நடுவில் இருப்பவருக்குத் தெரிந்திருக்காது.

ஆர்சியில் வங்கிக் கடன் பதிவாகியிருந்தால் அதை நீக்குவதற்கான ஃபார்ம் 35-ம் வங்கியின் கடிதமும். கடனைக் கட்டி முடித்துப் பத்து வருஷமானாலும் ஆர்சியில் அது நீக்கப்படாமல் இருக்கும்.

உரிமையாளர் இறந்திருந்தால் ஃபார்ம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். முதலில் வாரிசு பெயருக்கு மாற வேண்டும், அப்புறம்தான் உங்கள் பெயருக்கு. அண்ணன் தம்பிகள் நாலு பேர் இருந்தால் நாலு பேரின் சம்மதமும் வேண்டும். அதில் ஒருவர் வளைகுடாவில் இருந்தால் அந்த வண்டியைவிட வேறு வண்டி பார்ப்பது நல்லது.

டிஎன்-41 பொள்ளாச்சி வண்டியை கேஎல்-70 சித்தூருக்குக் கொண்டுவருகிறீர்கள் என்றால், அல்லது எதிர்த்திசையில் என்றால், பழைய ஆர்டிஓவிடம் ஃபார்ம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். வரி பாக்கியும் இ-சலான் பாக்கியும் இருந்தால் சான்று வராது. அது கிடைத்ததும் இங்கே ஃபார்ம் 27-ல் புது நம்பருக்கு விண்ணப்பிக்க வேண்டும். வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் பழைய நம்பரிலேயே வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை. இந்த வேலையை வண்டி பட்டறையில் நிற்கும்போதே தொடங்கிவிடுங்கள். எஞ்சின் தயாராவதைவிட இது மெதுவாகத்தான் நடக்கும்.

ஆரம்பத்திலேயே பார்க்க வேண்டிய ஒரு சின்ன விஷயம்: பரிவாஹனில் பதிவாகியிருக்கும் விற்பவரின் மொபைல் நம்பர். ஓடிபி அதற்குத்தான் போகும். அந்த சிம் எப்போதோ செத்திருக்கும். முதலில் நம்பரை மாற்றச் சொல்லுங்கள்.

சேஸிஸ் நம்பரின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துப் படிவத்தில் ஒட்டச் சொல்வார்கள். பழைய வண்டியில் அந்த இடம் துருவும் கிரீஸும் பெயின்ட்டுமாக இருக்கும். மண்ணெண்ணெய் போட்டு ஊறவிட்டு, மெல்லக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். கிரைண்டர் மட்டும் வைக்காதீர்கள். நம்பரில் ஒரு இலக்கம் மழுங்கினாலும் திருட்டு வண்டியோ என்ற கேள்வி எழும், அதற்குப் பதில் சொல்லியே மாளாது. பெயின்ட் அடிக்கும் ஆளிடமும் இதை முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

கடைசியாக, மானியத்தில் வாங்கிய வண்டியா என்றும் விசாரியுங்கள். மானிய வண்டிகளைப் பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை இருக்கும்.

2. எது போயிருக்கிறது என்று கண்டுபிடியுங்கள், பிரிக்காமல்

வண்டியைப் பார்த்ததும் "எஞ்சினை இறக்கிடலாங்க" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள். மலிவான சோதனையிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும்.

நாள்பட நின்ற வண்டியை உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். முதலில் டிப்ஸ்டிக். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. ஹெட் கேஸ்கட்டோ, ஹெட்டில் விரிசலோ, லைனர் ரிங்கோ காரணமாக இருக்கலாம். அடுத்து, எஞ்சினைக் கையால் சுற்றிப் பாருங்கள், கிராங்க் புல்லி நட்டில் ஸ்பானர் போட்டு. சுற்றவில்லை என்றால் பலம் காட்ட வேண்டாம். ஸ்டார்ட் ஆக உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டுப் பாருங்கள். ரிங் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் இதிலேயே விட்டுக்கொடுக்கும்.

சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் டீசல் பக்கம் போங்கள். டேங்கை இறக்கி அடியில் இருக்கும் துரு, பாசி எல்லாவற்றையும் கழுவுங்கள். பழைய டீசலைக் கொட்டிவிட்டு ஃபில்டரை மாற்றுங்கள். பிறகு ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டரின் மேலிருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை விடுங்கள், மூடுங்கள். அடுத்து பம்ப்பில் அதே மாதிரி. கடைசியாக, டீசலை எஞ்சினுக்குள் தெளிக்கும் நாசிலின் பைப் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, அங்கேயும் டீசல் வந்ததும் இறுக்குங்கள். செத்துப் போனது என்று விற்ற வண்டிகளில் சில இந்த இடத்திலேயே எழுந்து நிற்கும்.

ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே, பெட்ரோல் நனைத்த துணி எதுவும் வேண்டாம். பழுத்த பிளக்கில் பட்டு முன்கூட்டியே வெடித்தால் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் போகும். பிளக் மூன்றையும் மல்டிமீட்டரில் பார்த்து, இணைப்பே காட்டாததை மாற்றினால் போதும்.

ஓடினால் புகையைப் பாருங்கள். கறுப்பு என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம். ஏர் ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது, ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கும். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் நாசிலைப் பாருங்கள், ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா என்றும் பாருங்கள். ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். அங்கிருந்து புகை பீறிட்டு வந்தால் ரிங் வேலை நிச்சயம்.

இதோடு கம்ப்ரெஷன் மீட்டர் வைத்து மூன்று சிலிண்டரையும் பார்த்துவிட வேண்டும். டீசல் எஞ்சினுக்கான மீட்டர், பெட்ரோல் வண்டியுடையது ஆகாது. மூன்றும் ஒரே அளவில் இருக்கிறதா என்பதை முதலில் கவனியுங்கள். ஒன்று மட்டும் ரொம்பக் குறைந்தால், அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். இவ்வளவுக்கும் அரை நாள் போதும்.

3. பிரிக்கும்போது போட்டோ

பிரிப்பவர் மெக்கானிக்காக இருந்தாலும் போட்டோ நீங்கள் எடுங்கள். ஒவ்வொரு மூடியையும் கழற்றும் முன் ஒன்று, கழற்றிய பின் ஒன்று. ஷிம்களை (இடைவெளிக்கு வைக்கும் மெல்லிய தகடுகள்) எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தார்களோ அந்தப் பக்கத்துப் பையில், எழுதி. போல்ட்டுகள் தனித்தனிப் பையில். பழைய பாகம் எவ்வளவு நசுங்கியிருந்தாலும், உடைந்திருந்தாலும், தூக்கிப் போட விடாதீர்கள். புதுசு வந்து மாட்டி ஓடும்வரை அதுதான் உங்கள் மாதிரி. பட்டறைப் பையன் மாலையில் பெருக்கும்போது பழைய இரும்போடு சேர்த்துவிடுவான், கவனம்.

4. பாகம் தேடுவது

கடைக்குப் போய் "பழைய மித்சுபிஷிக்கு கியர்பாக்ஸ் பேரிங் இருக்குங்களா?" என்று கேட்டால், "அதெல்லாம் இப்ப வர்றதில்லீங்க" என்று பதில் வரும். அதே கடையில் "6206 இரண்டு குடுங்க" என்றால் நிமிஷத்தில் எடுத்து வைப்பார்கள். வண்டியின் பெயரைச் சொல்லித் தேடாமல் நம்பரையும் அளவையும் சொல்லித் தேட வேண்டும். கழற்றிய பாகங்களை நாலு குவியலாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் குவியல், எந்தக் கடையிலும் கிடைக்கும் பொதுச் சாமான். பேரிங், ஆயில் சீல், ஓ ரிங், பெல்ட், ஹோஸ், நட்டு போல்ட். பேரிங்கின் பக்கவாட்டில் நம்பர் வெட்டியிருக்கும். 6204 என்றால் உள்விட்டம் 20 மில்லி, வெளிவிட்டம் 47, அகலம் 14. 6205 என்றால் 25, 52, 15. 6206 என்றால் 30, 62, 16. நம்பர் தேய்ந்து போயிருந்தாலும் வெர்னியர் அளவுகோல் வைத்து மூன்று அளவையும் எடுத்தால் கடைக்காரர் நம்பர் சொல்லிவிடுவார். நம்பருக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் குறித்துக்கொள்ளுங்கள். இசட் இசட் என்றால் இரண்டு பக்கமும் தகடு, ஆர்எஸ் என்றால் ரப்பர் மூடி, சி3 என்றால் உள்ளே இடைவெளி கொஞ்சம் கூடுதல். கியர்பாக்ஸுக்குள் ஆயிலில் ஓடும் திறந்த பேரிங்குக்கு மூடி போட்டது வாங்கக் கூடாது.

ஆயில் சீலிலும் அப்படித்தான், 35-52-7 போல உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் அச்சிட்டிருக்கும். சீல் மாற்றும்போது ஷாஃப்டில் பழைய சீல் தேய்த்த பள்ளம் நகத்தில் தட்டுகிறதா என்று தடவிப் பாருங்கள். தட்டினால் புதுச் சீலும் ஒழுகும். சீலை ஒன்றிரண்டு மில்லி தள்ளிப் பதிக்க இடமிருந்தால் பதிக்கலாம், இல்லையேல் ஷாஃப்டுக்கு லேத்தில் ஸ்லீவ் போட வேண்டும். பெல்ட்டில் பி-42 என்றிருந்தால் பி ரகம், உள்சுற்று 42 அங்குலம். ஏ ரகத்தின் மேல் அகலம் 13 மில்லி, பி ரகத்துக்கு 17.

இதே பேரிங் டிராக்டர் கம்பெனி அட்டைப் பெட்டியிலும் வரும், விலை கூடுதலாக. உள்ளே இருப்பது ஏதாவது ஒரு பெரிய பேரிங் கம்பெனியின் சரக்கு. நம்பர் தெரிந்தால் நேராக பேரிங் கடைக்கே போகலாம். ஆனால் பேரிங்கில் போலி நிறைய. பெயர் பெற்ற கம்பெனியின் முகவர் கடையில் பில் போட்டு வாங்குங்கள்.

இரண்டாவது குவியல், அந்த எஞ்சினுக்கே உரியவை. பிஸ்டன், ரிங், லைனர், ஹெட் கேஸ்கட், மெயின் பேரிங், பிக் எண்ட் பேரிங், வால்வு. இங்கே குறுக்கு வழி கிடையாது. மித்சுபிஷி சக்தியைச் செய்யும் விஎஸ்டி கம்பெனியின் டீலரிடம் எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் கொடுத்து, பாகப் புத்தகத்தில் உங்கள் வண்டிக்கான பக்கத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் குடும்பத்து வண்டி இன்றும் விற்பனையில் இருப்பதால் எஞ்சின் பாகம் பெரும்பாலும் வரவழைக்க முடியும். ஆனால் காலப்போக்கில் சில பாகங்கள் மாறியிருக்கும். "இதுவும் சேரும்" என்று சொல்லிக் கொடுத்தால், பழையதோடு பக்கத்தில் வைத்து அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். எலக்ட்ரிக்கல் சாமான், ஹெட் கேஸ்கட் இரண்டையும் திருப்பி எடுக்க மாட்டார்கள். கேம்கோ டில்லர் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். கம்பெனி கேரள அரசுடையது, தலைமையகம் ஆலுவா அருகே அத்தாணியில், நம் பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டிலும் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. பாகம் தேடி அலைவது மிகக் குறைவு.

கேஸ்கட் பற்றி ஒரு வார்த்தை. சைடு கவர், டைமிங் கவர், ஆயில் பான் இவற்றுக்கெல்லாம் ஷீட் வாங்கிக் கையால் வெட்டிக்கொள்ளலாம், தப்பில்லை. ஹெட் கேஸ்கட்டை மாதிரி வைத்து வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

மூன்றாவது குவியல், செய்துகொள்ளக்கூடியவை. புஷ், பின், ஸ்பேசர், ஷாஃப்ட், சில கியர்கள். கோயம்புத்தூர் பக்கத்தில் இருக்கிறோம் என்பதன் முழுப் பலனும் இதில்தான். முன் ஆக்ஸில் புஷ், கிங் பின் எல்லாம் கம்பெனியில் தேடி நேரத்தைப் போக்காதீர்கள், லேத்தில் கடைந்துகொள்ளுங்கள். நேர்ப்பல் கியர் என்றால் பல்லின் அளவைச் சொல்லும் மாட்யூல் கணக்குப் பார்த்துக்கொண்டு போங்கள்: வெளிவிட்டத்தை, பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். வெளிவிட்டம் 66 மில்லி, பல் 20 என்றால் 66-ஐ 22-ஆல் வகுக்க, மாட்யூல் 3. பெரும்பாலும் முழு எண்ணோ அரையோ வரும், வரவில்லை என்றால் மறுபடி அளந்து பாருங்கள். சாய்ந்த பல்லுக்கு இந்தக் கணக்கு ஆகாது. எந்த இரும்பில் செய்கிறார்கள் என்று கேளுங்கள். ஷாஃப்டுக்கு இஎன்-8, பாரம் தாங்க வேண்டியதற்கு இஎன்-24, கியருக்கு இஎன்-353 போல மேற்பரப்பைக் கடினப்படுத்தக்கூடிய இரும்பு. ஹீட் ட்ரீட்மென்ட் செய்யாத கியர் ரோட்டவேட்டர் மாட்டிய சில மாதத்திலேயே பல் மழுங்கிவிடும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

கிளட்ச் பிளேட்டும் பிரேக் ஷூவும் இதே குவியல்தான். உள்ளிருக்கும் இரும்பு நன்றாக இருந்தால் மேலே புது உராய்வுப் பட்டை ஒட்டும் ரீலைனிங் போட்டால் போதும்.

நான்காவது குவியல், பழசாகத்தான் கிடைக்கும். வார்ப்பு உறைகள், ஹைட்ராலிக் மேல்மூடி, ரிம், பானட், ஸ்டீயரிங் பெட்டி. இதற்கு கோயம்புத்தூர் உக்கடம் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகள், பொள்ளாச்சி, உடுமலை மெக்கானிக் பட்டறைகளின் பின்கட்டு. அங்கே செத்த வண்டி ஒன்று எப்போதும் கிடக்கும். வார்ப்பில் புடைப்பாக இருக்கும் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், அதே எண் இருந்தால் வாங்குங்கள். முழுச் செத்த வண்டியே நல்ல விலைக்கு வந்தால், இடமிருப்பவர்கள் அதை வாங்கிப் போட்டுக்கொள்வது தனித்தனியாக வாங்குவதைவிட லாபம். பழைய எஞ்சின் பிளாக்கை வாங்கி மாட்டினால் எஞ்சின் நம்பர் மாறும், அதை ஆர்சியில் ஏற்ற வேண்டும். விற்பவரிடம் பில்லும் அந்த வண்டியின் ஆர்சி நகலும் வாங்காமல் பிளாக் வாங்காதீர்கள்.

போனில் போட்டோ அனுப்பி, முன்பணம் கேட்கும் முகம் தெரியாத விற்பனையாளர்கள் உண்டு. வீடியோ காலில் வந்து பாகத்தின் மேல் வெர்னியர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பாகம் கையில் இருக்கிறவர் காட்டுவார்.

விரிசல் விட்ட வார்ப்பு உறைக்கு மாற்று கிடைக்கவில்லை என்றால், வார்ப்பிரும்பு வெல்டிங் தெரிந்தவரிடம் போகலாம். முன்கூட்டிச் சூடேற்றி, நிக்கல் ராடில் வைத்து, மெல்ல ஆறவிடுபவராக இருக்க வேண்டும். கேட் செய்கிற வெல்டிங் கடையில் சாதாரண ராடில் ஒட்டினால் பக்கத்தில் இன்னொரு விரிசல் விடும்.

டயரைப் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் அளவைச் சொல்லி வாங்குங்கள். கூடவே நாலு இலக்க எண் ஒன்று இருக்கும்: 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. புதுசு மாதிரிப் பளபளக்கும் டயர் பல வருஷம் குடோனில் கிடந்ததாக இருக்கலாம்.

5. முதலில் பாகம், அப்புறம் கிரைண்டிங்

இந்த ஒரு தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் சரி.

கிராங்க் ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் அதைக் கொஞ்சம் அரைத்து, அந்த அளவுக்குத் தடித்த பேரிங் போட வேண்டும். 0.25, 0.50, 0.75 மில்லி என்று படிப்படியாக வரும். கடையில் பத்து, இருபது, முப்பது சைஸ் என்பார்கள். பட்டறைக்காரர் அளந்து பார்த்துவிட்டு "இருபது அடிச்சிரலாங்க" என்பார். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் பழைய வண்டிக்கு இருபது சைஸ் பேரிங் சந்தையில் இல்லை, முப்பதுதான் இருக்கிறது என்றால், அரைத்த கிராங்க்கை என்ன செய்வீர்கள்? மறுபடி அரைக்க வேண்டும், ஒரு முறை அரைக்கும் வாய்ப்பு வீண். முப்பதும் இல்லை என்றால் கிராங்க்கே போச்சு.

ஆகவே பட்டறையில் அளவு மட்டும் எடுத்துச் சீட்டில் எழுதி வாங்குங்கள். எந்தெந்த சைஸில் அரைக்கலாம் என்றும் கேட்டு எழுதுங்கள். பேரிங் தேடி, கையில் வந்த பிறகு, பேரிங்கோடு கிராங்க்கைக் கொடுங்கள். பேரிங்கின் முதுகில் சைஸ் அச்சாகியிருக்கும், பெட்டியை நம்பாமல் அதைப் பாருங்கள்.

சிலிண்டர் போரிங்கும் அதே கதை. பிஸ்டன் ஓவர்சைஸில் என்ன கிடைக்கிறது என்று பார்த்து, வாங்கி, பிஸ்டனையே பட்டறையில் கொடுத்து, அதை அளந்து அதற்கேற்ற இடைவெளி விட்டுப் போர் போடச் சொல்ல வேண்டும். மூன்று பிஸ்டனிலும் எந்த சிலிண்டருக்கு எது என்று குறி போடச் சொல்லுங்கள். போர் போட்டபின் உள்சுவரைத் தேய்க்கும் ஓனிங் செய்தாரா என்று உள்ளே பாருங்கள், குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் தெரிய வேண்டும். கண்ணாடி போல வழவழவென்றிருந்தால் ரிங் உட்காராது, புது எஞ்சினும் ஆயில் குடிக்கும்.

பிளாக்கையோ ஹெட்டையோ எல்லை தாண்டி எடுத்துப் போகும்போது வண்டி ஆர்சி நகலும் பட்டறைச் சீட்டும் கையில் இருக்கட்டும். சின்னப் பாகங்களைக் கடைக்காரர்கள் பஸ்ஸில் போட்டு விடுவார்கள். பஸ் நம்பரையும் கண்டக்டர் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டால் போதும்.

6. டீசல் பம்ப்பும் நாசிலும்

இதை வீட்டில் பிரிக்காதீர்கள், பொது மெக்கானிக்கிடமும் கொடுக்காதீர்கள். டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் பம்ப் கடைக்கே போக வேண்டும். நாசில் எந்த அழுத்தத்தில் திறக்கிறது, மூன்றும் ஒரே மாதிரி தெளிக்கிறதா, சொட்டுகிறதா என்று உங்கள் கண்முன் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். நாசிலின் மேல் பொறித்திருக்கும் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, மாற்றினால் அதே எண்தான் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். எண் மாறிப் போட்டால் வண்டி ஓடும், புகைந்துகொண்டே ஓடும். இறக்கிய பம்ப்பின் அடியிலிருக்கும் ஷிம்மைத் தொலைக்க வேண்டாம், டைமிங்கே அதில்தான் இருக்கிறது.

7. கணக்கு

பொதுச் சாமான்கள் தனித்தனியாகச் சில நூறு ரூபாய்க்குள் முடியும், மொத்தமாகச் சேரும்போதுதான் தொகை தெரியும். பெரிய செலவு எஞ்சின் செட்டு, கிரைண்டிங், டயர் இந்த மூன்றிலும். நாலையும் கூட்டி, அதன் மேல் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். கியர்பாக்ஸைத் திறந்த பிறகு அது வேண்டியிருக்கும்.

மெக்கானிக் கூலியை நாள் கணக்கில் பேசாதீர்கள், பாகம் வரக் காத்திருக்கும் நாளுக்கும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். பிரிக்க இவ்வளவு, கூட்டி ஓட்டிக் காட்ட இவ்வளவு என்று இரண்டாகப் பேசுங்கள். பாகத்தை நீங்களே வாங்குவதாக முதலிலேயே சொல்லிவிடுவது உறவைக் கெடுக்காது. கடைசியில் சொன்னால்தான் கெடுக்கும்.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும், டிராக்டர் டயர், டிராக்டருக்கென்றே குறிப்பிட்ட பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம். பேரிங் போன்ற பொதுச் சாமானுக்கு 18. பில்லில் டயருக்கு 18 போட்டிருந்தால் கேளுங்கள். 50,000 ரூபாய்க்கு மேல் ஒரே பில்லில் எல்லை தாண்டி வரும் சரக்குக்கு இ-வே பில் வேண்டும், கடைக்காரரே போட்டுத் தருவார்.

புது வண்டிக்கு மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் மானியம் உண்டு. பழசைச் சரிசெய்ய அது கிடையாது. மதிப்பீடு புது வண்டி விலையில் பாதியை நெருங்கினால் மானியக் கணக்கையும் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

8. எப்போது தொடங்குவது

மாசி, பங்குனியில் தொடங்குங்கள். முண்டகன் (இரண்டாம் போக நெல்) அறுவடை முடிந்து மெக்கானிக்குகள் கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை பிடித்த பிறகு ஒருவரும் பழைய வண்டியைத் தொட மாட்டார்கள், ஓடிக்கொண்டிருந்து நின்ற வண்டிகளே வரிசையில் நிற்கும்.

கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் ஆயுத பூஜை முதல் தீபாவளி முடிந்து ஆட்கள் ஊரிலிருந்து திரும்பும்வரை வேலை கொடுக்காதீர்கள். போனஸ் வாங்கிப் போன லேத் ஆள் எப்போது வருவார் என்று முதலாளிக்கே தெரியாது. பொங்கலுக்கும் அப்படித்தான். இங்கே ஓணம், விஷு. ஆக இரண்டு மாநில விடுமுறையும் நம் தலையில்.

9. கூட்டுவதும் ஓட்டிப் பழக்குவதும்

கிரைண்டிங்கிலிருந்து வந்த கிராங்க்கின் ஆயில் துளைகளுக்குள் அரைத்த தூள் இருக்கும். கம்பி பிரஷ்ஷும் டீசலும் விட்டுக் கழுவி, காற்றடித்து, மறு முனையில் சுத்தமாக வருகிறதா என்று பாருங்கள். இதைத் தவிர்த்தால் புது பேரிங் சில மணி நேரத்தில் கீறிப் போகும். மூடும் முன் ஒவ்வொரு ரிங்கையும் சிலிண்டருக்குள் தனியாக விட்டு, வாய் இடைவெளியை மெல்லிய அளவுத் தகடான ஃபீலர் கேஜால் பார்த்துவிட வேண்டும். ஹெட் போல்ட்டுகளை, இறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்சில், நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். "கை அளவு தெரியும்" என்பவரிடம் வாக்குவாதம் வேண்டாம், ரெஞ்சை நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டீசலை நிறுத்திவைத்துச் செல்ஃப் அடித்து, ஆயில் பிரஷர் லைட் அணைகிறதா என்று பாருங்கள். ஓடியதும் முதல் சூட்டுக்குப் பின், முழுக்க ஆறவிட்டு, ஹெட் போல்ட்டையும் வால்வு இடைவெளியையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். முதல் சில மணி நேரம் ரோட்டவேட்டர் வேண்டாம். அதற்காக ஐடிலிலேயே மணிக்கணக்காக விடவும் கூடாது, ரிங் உட்காரச் சுமை வேண்டும். கலப்பையோ காலி ட்ரெய்லரோ மாட்டி, வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஐம்பது மணி நேரத்தில் எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். அந்த ஆயிலைத் தட்டில் ஊற்றிக் காந்தம் விட்டுப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பசை வருவது வழக்கம், கையில் நெருடும் துணுக்கு வந்தால் கூலியின் கடைசிப் பங்கைக் கொடுக்கும் முன் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.